வெளிநாட்டிலிருந்து வேலை செய்யப் போகிறவர்கள் குடியிருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பாலக்கோடு, தருமபுரி என்று எங்கள் பக்கத்து ஊர்களில், பெங்களூரு நிறுவனங்களுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்யும் இளைஞர்கள் 2020-க்குப் பிறகு பெருகியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் அதே வேலையை ஆறு மாதமோ ஓராண்டோ வெளிநாட்டில் தங்கிச் செய்ய விரும்புகிறார்கள். அதற்கு வழியும் திறந்திருக்கிறது. மலேசியா 2022-இல் தொலைதூரப் பணியாளர்களுக்காக ‘டிஇ ரந்தாவ்’ என்ற அனுமதியைக் கொண்டுவந்தது. தாய்லாந்து 2024-இல் ஐந்தாண்டு செல்லுபடியாகும் ‘டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா’வை (டிடிவி) அறிவித்தது. துபாய் ஓராண்டுக்கான தொலைதூரப் பணி விசாவைத் தருகிறது. நாட்டையும் விசாவையும் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள், அங்கே எந்தப் பகுதியில் குடியிருப்பது என்பதை மட்டும் நாலைந்து படங்களைப் பார்த்து ஒரே மாலையில் முடிவுசெய்துவிடுவதைப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரை அந்த முடிவைக் கொஞ்சம் நிதானமாக எடுப்பதற்காக எழுதப்படுகிறது.

பகுதியைத் தேடத் தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டியவை மூன்று. வேறொரு நாட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற அனுமதி வெளிநாட்டுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் வாடிக்கையாளரின் தரவு எல்லை தாண்டுவதும் நிறுவனத்துக்கு அங்கே வரிப்பொறுப்பு வருவதும் மனிதவளத் துறை உண்மையிலேயே கவலைப்படும் விஷயங்கள். இரண்டாவது, வருமான வரி: இந்தியாவில் 182 நாள் என்ற கணக்கு இருப்பதுபோலவே, பல நாடுகளில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினாலே அந்த நாட்டின் வரிக் கணக்குக்குள் வந்துவிட நேரும் என்பதால், கிளம்பும் முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். மூன்றாவது விசாவின் நிபந்தனை. டிஇ ரந்தாவ் அனுமதி மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தரப்படுகிறது. தகவல் தொழில்நுட்ப வேலையில் இருப்பவர்களுக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். தாய்லாந்தின் விசாவுக்கு 5,00,000 பாட் சேமிப்பைக் காட்ட வேண்டும்; ஒரு முறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். இத்தகைய நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் தளத்திலேயே சரிபார்க்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு வாடகை ஒப்பந்தம் போடுவது என்பதைத் தீர்மானிப்பது இந்த விசாக்காலம்தான்.

கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

ஒரு பகுதி நல்லதா என்று கேட்பதைவிட, நான் வீட்டை விட்டு வெளியே வரும் நேரத்தில் அந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று கேட்பதே சரியான கேள்வி என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் வெளியே வரும் நேரத்தை உங்கள் வேலை நேரம் முடிவுசெய்கிறது; அந்த வேலை நேரமோ இந்தியாவிலோ அமெரிக்காவிலோ ஓடும் கடிகாரத்தைப் பொறுத்தது.

இந்திய நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை வேலை என்று வைத்துக்கொள்வோம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், கோலாலம்பூரில் அதே வேலை நண்பகல் 12 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்கு முடியும். தாய்லாந்தில் காலை 11 முதல் இரவு 8 வரை. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் காலை 8 முதல் மாலை 5 வரை. லிஸ்பனில் குளிர்காலத்தில் விடியற்காலை 4 மணிக்கே உட்கார வேண்டும். கோடையில் 5 மணிக்கு. ஆனால் வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருந்து, அங்கே காலை 9 மணிக்குக் கூட்டம் வைத்தால், கணக்குத் தலைகீழாகிறது. லிஸ்பனில் அது பிற்பகல் 2 மணி. கோலாலம்பூரிலோ கோடையில் இரவு 9, குளிர்காலத்தில் இரவு 10. இந்தியாவைப் போலவே மலேசியாவும் தாய்லாந்தும் அமீரகமும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் மாற்றுகின்றன. மார்ச்சிலும் அக்டோபர்–நவம்பரிலும் ஒரு மணி நேரம் நகரும் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், ஆறு மாதத் தங்கலில் உங்கள் நாள் இரண்டு விதமாக அமையக்கூடும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, வேலை முடிந்து பசியோடு வெளியே வரும் மணியை வட்டமிடுங்கள். இரவு 9 மணிக்கு முடிப்பவருக்கு, அந்நேரத்தில் சூடான உணவு கிடைக்கும் கடை நடக்கும் தொலைவில் வேண்டும். வெளிச்சமுள்ள நடைபாதை வேண்டும். காலையில் தாமதமாக எழுவதால் ஏழு மணிக்கே துளைபோடும் கட்டுமான வேலை அருகில் இருக்கக் கூடாது. விடியற்காலை 4 மணிக்குத் தொடங்குபவருக்கு இவை எல்லாமே மாறிப்போகும்: இரவு எட்டரைக்குத் தூங்க வேண்டியவர், உணவகங்களும் மதுக்கூடங்களும் நள்ளிரவு வரை இயங்கும் அழகான தெருவில் வீடு எடுத்தால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

கோலாலம்பூரும் பினாங்கும்

தமிழர்களுக்கு மலேசியாதான் முதல் தேர்வாக இருக்கும் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கோலாலம்பூரில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில்வே பணிமனைகளுக்கு வந்த தமிழர்கள் குடியேறி வளர்ந்த பகுதி அது. 2010 முதல் அதிகாரபூர்வமான லிட்டில் இந்தியாவாகவும் இருக்கிறது. வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, மளிகைக் கடை, கோவில் எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. அருகிலேயே உள்ள கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான் ஆகும். ஊரில் வயதான பெற்றோரை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இது பெரிய பலம். கோலாலம்பூரிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் உண்டு. வானில் நான்கு மணி நேரம் பறந்துவிடலாம், அதற்குப் பிறகு விமான நிலையம் உள்ள தேவனஹள்ளியிலிருந்து ஹெப்பாளத்தையும் எலக்ட்ரானிக் சிட்டியையும் கடந்து ஓசூர் வந்து சேர்வதுதான் நீளும்.

ஆனாலும் பிரிக்ஃபீல்ட்ஸின் பிரதான சாலையிலேயே வீடு எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கடைத்தெருவின் ஒலிபெருக்கி, நெரிசல், பண்டிகைக்காலக் கூட்டம் ஆகியவை வந்துபோகிறவருக்கு மகிழ்ச்சி தரும்; பகல் முழுவதும் இணையவழி அலுவலகக் கூட்டங்களில் பேச வேண்டியவருக்குத் தலைவலி. ஒரே ரயில் நிறுத்தத் தொலைவில் இருக்கும் பங்சாரிலோ, பழைய ரயில்வே தமிழ்க் குடும்பங்கள் இன்றும் வாழும் செந்தூலிலோ அமைதியான அடுக்ககம் பார்த்துக்கொண்டு, வேண்டும்போது பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்வருவது நல்லது. பங்சாரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரயில் நிலையம் ஓரிடத்தில் இருக்க, கடைகளும் உணவகங்களும் நிறைந்த மேட்டுப் பகுதி அங்கிருந்து தள்ளி இருக்கிறது. விளம்பரத்தில் ‘பங்சார்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பக்கம் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வெளிநாட்டவர் நிறைய வாழும் மோன்ட் கியாராவில் கட்டடங்கள் அருமையாக இருக்கும். நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் உண்டு. ஆனால் ரயில் நிலையம் வாசலில் இல்லை. எதற்கும் கார் பிடிக்க வேண்டியிருக்கும். குடும்பத்தோடு போய், கார் வாடகைக்கு எடுக்கும் எண்ணமுள்ளவர்களுக்கு அது பொருந்தலாம். தனியாகப் போய், இரவு 9 மணிக்கு வேலையை முடிப்பவருக்கு, கீழே இறங்கியதும் ‘மாமாக்’ எனப்படும் ஓர் உணவுக்கடை திறந்திருக்கும் தெரு அதைவிட மேலானது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் இந்தக் கடைகளில் பல இரவு முழுவதும் இயங்குகின்றன. பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரும் கிடைக்கும் இடம் பக்கத்தில் இருப்பது, தனியே தங்குபவருக்கு நீச்சல்குளத்தைவிட நாள்தோறும் பயன்படும் வசதி.

மழையையும் கணக்கில் சேருங்கள். கோலாலம்பூரில் பிற்பகலிலும் மாலையிலும் இடிமின்னலோடு கொட்டும் மழை சகஜம். தாழ்வான சாலைகளில் திடீர் வெள்ளமும் வரும். நிலையத்திலிருந்து கட்டடம் வரை கூரையிட்ட நடைபாதை இருக்கிறதா என்பது வரைபடத்தில் தெரியாது, நேரில்தான் தெரியும்.

பினாங்கில் வேறு விதமான பிரச்சினை. ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது; 1833-இல் எழுந்த மாரியம்மன் கோவில் அமைந்த குவீன் தெருவும் அதைச் சுற்றிய லிட்டில் இந்தியாவும் யாரையும் அங்கேயே தங்கச் சொல்லும். ஆனால் பாரம்பரியக் கடைவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கும். பத்து ஃபெரிங்கி கடற்கரை விடுமுறைக்கு ஏற்றது என்றாலும், நகருக்கு வரக் கரையோரம் வளைந்து செல்லும் சாலையையே நம்ப வேண்டும். தீவில் நகர ரயில் இன்னும் ஓடவில்லை, பேருந்துதான். வேலைக்காகத் தங்குபவர்களுக்குப் புலாவ் திக்குஸ், கர்னி பக்கத்து அடுக்ககங்கள் ஏற்ற நடுவழி.

மற்ற நகரங்களில் பகுதியைவிடப் பருவம் முக்கியமாகிவிடுவதும் உண்டு. சியாங் மாயின் நிம்மான் பகுதியைத் தொலைதூரப் பணியாளர்களின் தலைமையிடம் என்றே சொல்லலாம். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகை நகரையே மூடிவிடும்போது எந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தாலும் தப்ப முடியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்தே ஆக வேண்டும். விமான நிலையம் நகரை ஒட்டியே இருப்பதால், விமானங்கள் தலைக்கு மேலே போகும் பக்கமா என்றும் பார்க்க வேண்டும். பாலியில் மௌன நாளான நியேபி அன்று விமான நிலையம் மூடப்படுகிறது, யாரும் தெருவில் இறங்குவதில்லை. 2018 முதல் கைப்பேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். அந்த நாளுக்கு முன்கூட்டியே விடுப்பு எழுதிவிடுவது நல்லது. துபாயில் கராமாவும் பர் துபாயும் தமிழர்களுக்குப் பழகிய பகுதிகள், மெட்ரோவும் உண்டு. அங்கே விசாரிக்க வேண்டியது அழைப்புகளைப் பற்றி. வாட்ஸ்அப் அழைப்பு அமீரகத்தில் இயங்காது. நிறுவனத்தின் கூட்டங்கள் எந்தச் செயலியில் நடக்கின்றனவோ அது அங்கே அனுமதிக்கப்பட்டதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். லிஸ்பனின் அல்ஃபாமாவும் கிராசாவும் செங்குத்தான மேடுகள். பழைய வீடுகளில் குளிர்காலத்தில் ஈரமும் குளிரும் தங்கும். சூடேற்றும் வசதி என்ன என்று கேட்காமல் நவம்பர் மாதத்தில் அங்கே ஒப்பந்தம் போடாதீர்கள்.

நேரில் பார்க்கும் முறை

ஊரிலிருந்தே ஆறு மாதத்துக்குப் பணம் கட்டுவதைப் போன்ற தவறு வேறில்லை. முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும், கருதிவைத்திருக்கும் பகுதியிலேயே ஒரு தற்காலிக அறை எடுங்கள். அந்த இரண்டு வாரங்களிலும் வழக்கமான வேலை நேரத்தையே கடைப்பிடியுங்கள். சுற்றுலாப் பயணியாகக் காலையில் எழுந்து ஊர் சுற்றினால், நீங்கள் வாழப்போகாத ஓர் ஊரைத்தான் பார்க்க முடியும்.

வட்டமிட்ட அந்த மணிக்கு, வார நாளில் ஒரு தடவையும் சனிக்கிழமையில் ஒரு தடவையும், நிலையத்திலிருந்து அந்தக் கட்டடம் வரை நடந்து பாருங்கள். பெண்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. அந்நேரத்தில் வேறு பெண்கள் தனியாக நடக்கிறார்களா, கடைகள் திறந்திருக்கின்றனவா, விளக்கில்லாத நீளமான மதில் ஓரம் எங்கேயாவது வருகிறதா என்பதை வரைபடம் சொல்லாது. முனைக் கடையில் எதையாவது வாங்கிக்கொண்டு, “ராத்திரி பத்து மணிக்கு மேலே இந்தப் பக்கம் எப்படிண்ணே இருக்கும்?” என்று கேளுங்கள். மலேசியாவில் தமிழிலேயே பதில் கிடைக்கும். வீட்டைக் காட்டும் ஏஜென்டுக்கு அந்த வீடு கைமாற வேண்டும். கடைக்காரருக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை.

தண்ணீரைப் பற்றி விசாரிக்க எங்கள் மாவட்டத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம்; 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். அதே கவனத்தை அங்கேயும் கொண்டுபோங்கள்: குழாய் நீர் குடிக்கத் தக்கதா, வடிகட்டி வைத்திருக்கிறார்களா, அதை யார் மாற்றுவது என்று கேளுங்கள்.

இணையத்தைச் சோதிப்பதில் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது, ஏஜென்ட் காட்டும் எண்ணை நம்புவதால். ரவுட்டர் இருக்கும் கூடத்தில் நின்று, காலை பத்து மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் எடுத்தால் எந்த வீட்டிலும் அழகான எண் வரும். நீங்கள் மேசை போடப்போகும் இடம் படுக்கையறையின் மூலை என்றால், அந்த மூலையில் மடிக்கணினியோடு உட்காருங்கள்; கதவைச் சாத்துங்கள்; அடுக்ககத்தில் எல்லோரும் வீடு திரும்பிப் படம் பார்க்கும் இரவு 8 மணிக்குச் சோதியுங்கள். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள், ஏனெனில் கூட்டத்தில் உங்கள் முகமும் குரலும் போவது அந்த வழியில்தான். தெளிவான காணொளி அழைப்புக்கு நொடிக்கு மூன்று நான்கு மெகாபிட் போதும். ஆகவே 500 மெகாபிட் என்ற விளம்பரத்தைவிட, வேகம் ஏறி இறங்காமல் நிலையாக நிற்கிறதா என்பதே முக்கியம். அடுத்து நிறுவனத்தின் விபிஎன்னில் நுழைந்து, நண்பர் ஒருவரை அழைத்து அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். குரல் வெட்டி வெட்டி வந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். இதோடு, அதே மூலையில் கைப்பேசியின் 5ஜி சிக்னல் கிடைக்கிறதா என்றும் பார்த்துவைத்தால், ஃபைபர் அறுந்துபோகும் நாளில் கூட்டத்தைக் கைவிட வேண்டியிருக்காது.

சமையலறையையும் திறந்து பாருங்கள். வாடகை அடுக்ககங்களில் பெரும்பாலும் இரண்டு தட்டு மின்னடுப்பும், மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஒட்டாச் சட்டியும்தான் இருக்கும். கேழ்வரகுக் களி கிளறுகிறவர்களுக்குத் தெரியும், அதற்குக் கனமான பாத்திரமும், காலால் அணைத்துப் பிடித்துக் கிளறும் அளவுக்குத் தரையில் இடமும் வேண்டும். கண்ணாடி மேல்தட்டு கொண்ட மின்னடுப்பின் மீது அந்த வேகத்தில் துடுப்பைச் சுழற்ற முடியாது. நாள்தோறும் சமைக்கும் எண்ணமிருந்தால், எரிவாயு அடுப்புள்ள பழைய அடுக்ககத்தைத் தேடுவது மேல். கேழ்வரகு மாவும் கொள்ளும் பிரிக்ஃபீல்ட்ஸ், ஜார்ஜ் டவுன் மளிகைக் கடைகளில் கிடைக்கும்.

ஒப்பந்தமும் முன்பணமும்

பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு மலேசிய முறை எளிதாகத் தோன்றும். அங்கே வழக்கமாக இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வாடகையையும், முதல் மாத வாடகையை முன்பணமாகவும் கேட்பார்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் பிணக்கு வந்தால் அது நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும். ஓராண்டுக்குக் குறைவாக வேண்டும் என்றால் வாடகை சற்றுக் கூடும், அதைப் பேசிக் குறைக்கலாம்.

குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுவதை அந்த அடுக்ககத்தின் நிர்வாகம் அனுமதிக்கிறதா என்பதை உரிமையாளரிடம் மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள், கீழே நிர்வாக அலுவலகத்திலேயே கேளுங்கள். மோன்ட் கியாராவில் உள்ள ஓர் அடுக்ககம் தொடர்பான வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடைசெய்ய நிர்வாகக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்று மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படித் தடை உள்ள கட்டடத்தில், வாயில் அட்டை ஒருநாள் திடீரென வேலை செய்யாமல் போனால் உரிமையாளரால்கூட உதவ முடியாது. தாய்லாந்தில் வேறொன்று: வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் டிஎம்30 பதிவைக் குடிவரவுத் துறையில் செய்ய வேண்டும். அதைச் செய்யத் தயங்கும் வீட்டுக்காரரின் வீட்டை எடுத்தால், பின்னால் விசா வேலைகளில் அலையப்போவது நீங்கள்தான். துபாயில் ஒப்பந்தம், அரசின் வாடகைப் பதிவு முறையான இஜாரியில் பதிவாக வேண்டும். குளிரூட்டும் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா தனியா என்பதையும் முன்பே கேட்க வேண்டும், கோடையில் அது சிறிய தொகையாக இருக்காது.

சாவியை வாங்கும் நாளில், பெட்டியைப் பிரிக்கும் முன்பே, மின்மானி, நீர்மானி எண்களையும், சுவரில் உள்ள விரிசல், சோபாவின் கிழிசல், குளியலறைக் கசிவு ஆகியவற்றையும் படம் எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கும் ஏஜென்டுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்கும்போது அந்த மின்னஞ்சலின் தேதிதான் உங்களுக்காகப் பேசும். வீட்டு முகவரி, கட்டடக் காவலரின் தொலைபேசி எண், அருகிலுள்ள மருத்துவமனையின் பெயர் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி ஊரில் உள்ள பெற்றோரிடமும், ஆங்கிலத்தில் எழுதி நிறுவனத்தின் மனிதவளத் துறையிடமும் அதே வாரத்தில் சேர்த்துவிடுங்கள்.